யார் சொன்ன ரிசார்ட்?

அந்த வீட்டில் எந்தப் பொருளைத் தொட்டாலும் அதற்கு ஒரு குற்றவாளி உண்டு. கூடத்தில் கிடக்கும் பச்சை சோபாவுக்குக் குற்றவாளி சின்ன மகன். கடையில் உட்கார்ந்து பார்த்தபோது மெத்தென்றுதான் இருந்ததாம். வீட்டுக்கு வந்த பிறகு உட்கார்ந்தவரை உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே விட மறுத்தது. அவனுடைய அப்பாவை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி எடுத்த அன்று வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது: "இதை யார் சொன்னது?" அன்றிலிருந்து அவனுக்குப் பெயரே சோபா. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற பள்ளியில் வேலை பார்க்கிறான். அவனிடம் படித்து லைசென்ஸ் வாங்கியவர்கள்கூட "சோபா சார்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

சொன்னவன் சுமக்கணும். இதுதான் அந்தக் குடும்பத்தின் சட்டம். ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர், அது உடைந்தாலும், கசந்தாலும், சாயம் போனாலும் ஆயுளுக்கும் பதில் சொல்ல வேண்டும். அதைப் பற்றிய கேள்வி, கிளைக்கேள்வி எல்லாம் அவருக்கே போகும். இப்படி ஒரு சட்டம் இருந்தால் என்ன ஆகும்? எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். மூடிக்கொண்டார்கள்.

பெரிய மகன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். நாள் முழுக்க வாடிக்கையாளரின் மூக்கில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, "இது தெளிவா? இல்லை, இது தெளிவா?" என்று மற்றவர்களைத் தேர்ந்தெடுக்க வைப்பதே பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் தோசைக்கரண்டியா ஸ்பூனா என்பதைக்கூட அவனால் சொல்ல முடியாது. அப்பா, அதாவது வீட்டு மருமகளுக்கு மாமனார், வானிலை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மழை வரும் என்று சொல்லி வெயிலுக்கும், வெயில் என்று சொல்லி மழைக்கும் ஊராரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அதனால் இப்போதெல்லாம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால்கூட, "சாப்பிட்டிருக்க வாய்ப்பு இருக்கு" என்பார். மாமியார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடித்தே வளர்ந்த கை. தானாக ஒரு தப்பைச் செய்து மாட்டிக்கொள்ள அவருக்கென்ன தலையெழுத்தா?

மிஞ்சியவள் மருமகள், பெரிய மகனின் மனைவி. கல்யாணமாகி வந்த புதிதில், "இந்தக் கத்திரிக்கோலை எங்கே வைக்கலாம்?" என்று யாரோ பொதுவாகக் கேட்டார்கள். சட்டம் தெரியாத பெண், "இந்த இழுப்பறையில வைங்க" என்று சொல்லிவிட்டாள். சிங்கத்தின் வாயில் தலையைக் கொடுத்த கதைதான். கத்திரிக்கோலில் ஆரம்பித்து, குழந்தையின் பள்ளிக்கூடம், குளியலறைக் குழாய், தினமும் மூன்று வேளை என்ன சமையல் என்பதுவரை எல்லாம் அவள் தலையில் வந்து உட்கார்ந்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெளியிலும் அவளுக்கு அதே உத்தியோகம். துணி துவைக்கும் இயந்திரம் செய்கிற கம்பெனியில் புகார்ப் பிரிவு. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, "மெஷின் ஆடுது", "மெஷின் அழுவுது", "மெஷின் என் புருஷனோட சட்டையைத் தின்னுடுச்சு" என்று மாலைவரை கேட்டு, அதே காதோடு வீட்டுக்கு வருவாள்.

ஒருநாள் காலை முகம் முழுக்க சோப்பு. கண்ணைத் திறக்க முடியாது. குளியலறைக் கதவுக்கு வெளியே வரிசை நின்றது.

"அம்மா, நீலச் சட்டையா, வெள்ளையா?" இது பள்ளிக்குப் போகும் மகள்.

"இந்தா, பால் போதுமா, இன்னொண்ணு வாங்கவா?" இது கணவன்.

"அண்ணி, மழை வருமா? குடை எடுத்துக்கவா?" இது சோபா. வானிலை அலுவலகத்தில் தலை நரைத்தவர் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, சோப்பு போட்ட அண்ணியிடம் கேட்கிறான்.

"இன்னைக்கு என்ன சமையல்னு முடிவு பண்ணிட்டியாம்மா?" இது மாமியார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சோப்பு உள்ளே போயிற்று. அந்த ருசியோடுதான் அவளுக்கு அந்த ஆசை வந்தது. அன்று அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரியிடம் சொன்னாள்.

"எனக்கு நகை வேணாம், புடவை வேணாம். ஒரே ஒரு வாரம் என்கிட்ட யாரும் எதையும் கேக்கக்கூடாது. அவ்வளவுதான்."

"செத்தாத்தான் அது நடக்கும்," என்றாள் மேஜைக்காரி, பரிவாக.

"அப்பவும் கேப்பாங்க. புதைக்கவா, எரிக்கவான்னு."

விடுமுறை வந்தது. எதிர்வீட்டு வக்கீல் குடும்பம் கடற்கரை ரிசார்ட் ஒன்றுக்குப் போய்வந்து தோல் உரிந்த மூக்கோடு மாடிப்படியில் பெருமை பேசிக்கொண்டிருந்தது. தங்குவது, தின்பது, குடிப்பது, படகு, பந்து எல்லாம் சேர்த்து ஒரே கட்டணமாம். உள்ளே போனால் பர்ஸைத் திறக்கவே வேண்டாமாம். அந்தக் கட்டடத்தில் சுவருக்குக் காது மட்டுமல்ல, வாயும் உண்டு. ஆகவே செய்தி இரண்டாம் மாடிக்கு உடனே வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேஜையில் பேச்சு எழுந்தது.

"நாமளும் போலாமா?" என்றாள் மகள்.

"போலாம்," என்றான் கணவன். பிறகு பயந்துபோய், "போலாம்னு சிலர் சொல்றாங்க," என்று திருத்தினான்.

"எந்த ரிசார்ட்?" என்றான் சோபா.

ஒருவரும் நிமிரவில்லை. எல்லோருடைய தட்டிலும் திடீரென்று ஏதோ படிக்கக் கிடைத்த மாதிரி குனிந்துகொண்டார்கள்.

"அண்ணியே பார்த்துச் சொல்லட்டும்," என்றான் சோபா கடைசியில். "அண்ணிக்குத்தான் அதெல்லாம் நல்லாத் தெரியும்."

"ஆமா, நீயே பாரும்மா," என்றார் மாமியார்.

எதிலிருந்து ஓட நினைத்தாளோ, அதையே கையில் கொடுத்து ஓடச் சொன்னார்கள். மருமகள் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் வக்கீல் குடும்பம் போன அந்தப் பெரிய ரிசார்ட்டின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். படங்களில் கடல் வாஷிங் பவுடர் விளம்பரம்போல நீலமாக இருந்தது. ஓரத்தில் ஒரு சிறு பெட்டி தானாகத் திறந்து அவளிடம் பேச ஆரம்பித்தது. "உங்கள் விடுமுறையை நீங்களே வடிவமைக்கலாம்! தலையணை பஞ்சிலா, இறகிலா, நுரையிலா? எங்கள் பதினோரு உணவகங்களில் முதல் இரவு எதில்? அறையில் துண்டை எந்த உருவத்தில் மடித்து வைக்கட்டும்: அன்னமா, யானையா, முயலா?"

மருமகள் கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். எல்லாம் அடக்கம் என்றால் எல்லாக் கேள்விகளும் அடக்கம் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஒரு வாரம், வேளைக்குப் பதினோரு உணவகம், ஆறு வாய். அந்த ஆறில் ஐந்து வாய் திரும்பிப் பார்க்கப்போவது யாரை? வீட்டிலாவது துண்டை மடித்தால் துண்டாக மடிக்கலாம்.

இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. தங்கிப் போனவர்கள் எழுதிய குறைகளுக்கெல்லாம் அந்த ரிசார்ட் ஒரே மாதிரி பதில் எழுதியிருந்தது: "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. தங்களுக்கு ஏற்பட்ட உணர்வுக்கு வருந்துகிறோம்." இந்த வாக்கியத்தை அவளே தினமும் பலமுறை சொல்கிறாள். உணர்வுக்கு வருந்துகிறோம் என்றால் மெஷினுக்கு வருந்தவில்லை என்று பொருள். மெஷின் அப்படியேதான் ஆடும்.

அதற்குப் பிறகு அவள் படங்களைப் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு ரிசார்ட்டிலும் நேராகப் புகார்களுக்குப் போனாள். பாராட்டை யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள்; புகார் எழுதுகிறவனுக்கு வயிறு எரிய வேண்டும். பல ரிசார்ட்டுகள் நன்றி சொல்லின, வருந்தின. கடைசியில் ஒன்று சிக்கியது. சிறிய இடம். அங்கே பதில் எழுதுகிறவர் வருந்தவில்லை. சண்டை போட்டார்.

"சாப்பாட்டில் தேர்வே கிடையாது. சமைத்ததைத்தான் தருகிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பதில்: "சமைக்காததை எப்படித் தருவது?"

மருமகள் அந்த வரியைத் திரும்பப் படித்தாள். பிறகு கீழே போனாள். எல்லாப் புகாரும் ஒரே புகார்தான். எதையும் கேட்பதில்லை, எதற்கும் இரண்டாவது வழி இல்லை, மணி அடித்தால் சோறு, விரித்த இடத்தில் படுக்கை. ஊராருக்கு வசவு, அவளுக்கு வரம். ரிசார்ட்டுக்குப் போன் போட்டாள். அந்தப் பதில்களை எழுதுகிற மேனேஜர் அம்மாவே எடுத்தார். மருமகள் ஒரே ஒரு விஷயம் விசாரித்தாள், பதிலைக் கேட்டாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை வைத்தாள்.

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் பாதி வேலைதான் முடிந்தது. இதை அவள் சொன்னாள் என்று ஆனால், அங்கே போயும் அவளே சுமக்க வேண்டும். "எறும்பு இருக்கு", "போரடிக்குது", "ஏன் மீன்?" என்று கடலோரத்திலும் வரிசை நிற்கும். ரிசார்ட் மட்டும் போதாது. அதைச் சொல்ல ஒரு ஆளும் வேண்டும். கணவனா? அவனிடம் இந்த இடமா அந்த இடமா என்றால், மூன்றாவது கண்ணாடி இருக்கா என்று கேட்பான். சோபா ஏற்கெனவே ஒரு தண்டனையில் இருக்கிறான். மாமனாரைச் சொல்ல வைப்பதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று. மகளுக்கு வயது போதாது. ஆனால் சட்டம் தெரிந்துவிட்டது, அவளும் சிக்கமாட்டாள். ஆக, மாமியார்.

புகார்ப் பிரிவில் சேர்ந்ததும் ஒரு பாடம் நடத்துவார்கள். மெஷின் ஓடவில்லை என்று ஒருவர் கத்தும்போது, "பிளக்கைச் சொருகினீங்களா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால், "என்னை முட்டாள்னு நினைச்சியா?" என்று இன்னும் கத்துவார். "பிளக்கைக் கழற்றி, தூசியைத் துடைச்சிட்டு, திரும்பச் சொருகிப் பாருங்க சார்" என்று சொல்ல வேண்டும். கழற்றப் போகிறவர், அது சொருகவேயில்லை என்பதைத் தானே கண்டுபிடித்து, சத்தமில்லாமல் சொருகி, "எல்லாம் நானே சரி பண்ணிட்டேன்" என்று பெருமையாக வைத்துவிடுவார். மருமகள் இதில் கைதேர்ந்தவள்.

லீவு நாள் காலை. மாமியார் சாப்பாட்டு மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மருமகள் எதிரே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். மாமியார் நிமிர்ந்தபோது பட்டென்று மூடினாள்.

"என்ன அது, மூடறே?"

"ஒண்ணுமில்லை அத்தை."

"ஒண்ணுமில்லைன்னு சொன்ன எவன்கிட்டயும் டிக்கெட் இருந்ததில்லை. திற."

"ஒரு ஓட்டல் அத்தை. கடலோரமா. வேணாம்னு தள்ளிட்டேன்."

"ஏன் தள்ளினே?"

"அந்த மேனேஜர் அம்மா சரியில்லை. வர்றவங்களை எதிர்த்து எதிர்த்துப் பேசுது."

மாமியாரின் விரலில் இருந்த பட்டாணி உருண்டு தரையில் விழுந்தது. அவர் குனியவில்லை. "படி," என்றார்.

மருமகள் தயக்கத்தோடு படித்தாள். தயக்கத்தை நேற்றே ஒத்திகை பார்த்திருந்தாள்.

"'எங்கள் குழந்தையின் ரப்பர் மிதவையை ஊதித் தர ஓர் ஆள் இல்லை'ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு."

"அதுக்கு அந்த அம்மா என்ன சொல்லுது?"

"'நீங்கள் ஏழு பேர் வந்திருந்தீர்கள். எல்லோருக்கும் வாய் இருந்ததை நான் கவனித்தேன்.'"

மாமியாருக்குச் சிரிப்பு வந்தால் முகத்தில் தெரியாது, தோள் மட்டும் குலுங்கும். குலுங்கியது. "சரியாத்தானே சொல்லியிருக்கா? வாய் எதுக்கு இருக்கு? மேல படி."

"'காலையில் உட்காருவதற்காக ராத்திரியே நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடித்தோம். எடுத்துவிட்டார்கள்.'"

"என்னது! துண்டு போட்டா இடம் பிடிக்கறது? எத்தனை பேரை இதுக்காக நான் எழுப்பி நிக்க வெச்சிருக்கேன். இவ என்ன பண்ணினா?"

"'துண்டு காயப்போடும் கொடி கட்டடத்தின் பின்புறம் இருக்கிறது'ன்னு பதில் போட்டிருக்காங்க."

"அப்படிப் போடு!" மாமியார் மேஜையைத் தட்டினார். கிண்ணத்துப் பட்டாணியெல்லாம் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தது. "இன்னொண்ணு படி."

"'கடல் மிகவும் சத்தமாக இருக்கிறது.'"

"ஐயோ, இது எந்தப் பைத்தியம்?"

"'அதை நாங்கள் வைக்கவில்லை'ன்னு பதில்."

ஓய்வு பெற்ற பிறகு மாமியார் இத்தனை சந்தோஷமாக இருந்து அந்த மேஜை பார்த்ததில்லை. பொய் சொல்கிறவர்களை, சாக்குச் சொல்கிறவர்களை, ஓசியில் இடம் பிடிக்கிறவர்களை எல்லாம் ஒருத்தி நிற்க வைத்துக் கேட்கிறாள், அதுவும் எல்லோரும் படிக்கும்படி. மருமகள் சரியான நேரம் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"எப்படி இருந்தாலும் வேணாம் அத்தை. சாப்பாட்டைக்கூட அவங்க இஷ்டத்துக்குத்தான் போடறாங்க. எல்லாரும் அந்தப் பெரிய ரிசார்ட்டுக்குத்தான் போறாங்க. எதிர்வீட்டு வக்கீல் வீட்டம்மாகூட உங்களை அங்கே போகச் சொன்னாங்க."

"அவ சொல்லி நான் போகணுமா?"

"அதுக்கில்லை..."

"அவ டிக்கெட்டைக் கேட்டா பையைத் துழாவற ஜாதி. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும்." மாமியார் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நாம இங்கதான் போறோம்."

"வேணாம் அத்தை, நல்லா யோசிச்சு..."

"யோசிச்சாச்சு."

மருமகள் கீழே குனிந்து உருண்டுபோன பட்டாணியைத் தேடினாள். முகத்தை மறைக்க வேறு வழி இல்லை.

அன்று சாப்பாட்டு மேஜையில் செய்தி வெளியானது. படத்தைப் பார்த்த சோபா முகம் சுளித்தான். "நீச்சல்குளம்கூடச் சின்னதா இருக்கே. இதை யார் சொன்னது?"

"நான் சொன்னேன்," என்றார் மாமியார்.

கணவன் வாய்க்குக் கொண்டுபோன கையை அந்தரத்தில் நிறுத்தினான். அந்த மேஜையில் அந்த இரண்டு சொற்களை அவன் அம்மா வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. சோபா தன் அம்மாவை, சிறையில் புதிதாக வந்த ஆளைப் பழைய கைதி பார்ப்பதுபோல, அன்போடு பார்த்தான்.

போய்ச் சேர்ந்தார்கள். வெள்ளையடித்த நீளமான கட்டடம். ஒரே சாப்பாட்டுக் கூடம், வாசலில் ஒரு மணி. மேனேஜர் அம்மா குள்ளமாக, இடுப்பில் சாவிக்கொத்தோடு வந்து ஆறு பேர் மணிக்கட்டிலும் ஒரு அடையாளப் பட்டையை மாட்டினார்.

"மணி அடிச்சா சாப்பாடு. படுக்கை விரிச்சிருக்கு. கடல் அந்தப் பக்கம்," என்றார். வரவேற்புரை அவ்வளவுதான். போய்விட்டார்.

மருமகளுக்குக் காலில் விழலாம் போல இருந்தது.

முதல் வேளை சூப், மீன், ரொட்டி. "வேற என்ன இருக்கு?" என்று சோபா கேட்டான். "உப்பு இருக்கு," என்று பதில் வந்தது. மாமியார் தோள் குலுங்கியது.

சாப்பிட்டு முடித்ததும் மருமகள் கடற்கரையில் குடை நட்டிருந்த சாய்வு நாற்காலியில் போய்ப் படுத்தாள். கண்ணை மூடினாள். நிழல் ஒன்று வந்து நின்றது. கணவன்.

"இந்தா, தொப்பி போட்டுக்கவா, இல்லை..."

"அத்தையைக் கேளுங்க."

"தொப்பிக்குமா?"

"அவங்க சொன்ன இடம். இங்க வெயில்கூட அவங்க கணக்குதான்."

சட்டம் சட்டம்தானே. கணவன் தலையை ஆட்டிவிட்டு அம்மாவிடம் போனான். பின்னாலேயே சோபா போனான், மகள் போனாள். மருமகள் காது கொடுத்துக் கேட்டாள். அலை வந்தது, போனது. அலை யாரையும் எதுவும் கேட்கவில்லை.

மாமியாருக்கும் முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. குடையடியில் மந்திரி மாதிரி உட்கார்ந்து மனு வாங்கினார். ரிசார்ட்டை ஒரு குறை சொல்ல விடவில்லை.

"அம்மா, தண்ணி ரொம்ப உப்பு."

"காயத்துக்கு நல்லது."

"எனக்குக் காயம் இல்லையே."

"போய் ஓடு. வரும்."

"அம்மா, ரூம்ல எறும்பு."

"உன்னைவிடச் சுறுசுறுப்பா இருக்கில்ல?"

மறுநாள் மனுக்கள் கூடின. மணலில் எந்தச் செருப்பு, குளத்தில் எப்போது இறங்குவது, நண்டு கடிக்குமா, கடித்தால் யாரிடம் சொல்வது. மாமனார்கூட வந்து, "மழை வருமா?" என்று கேட்டார். மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அதுலதானே பென்ஷன் வாங்கறீங்க?" அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "சொல்ல முடியாது," என்று திரும்பிப் போய்ச் செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்தார்.

அதற்கு அடுத்த நாள் மாமியாரின் குரல் கம்மிவிட்டது. சாப்பிடும்போது கேட்டார்கள், நடக்கும்போது கேட்டார்கள், குளியலறைக்குப் போனால் கதவைத் தட்டிக் கேட்டார்கள். மருமகள் தூரத்திலிருந்து பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழவில்லை. வாரம் இன்னும் முடியவில்லை.

அன்று மதியம் மகள் மீனைப் பார்த்து மூக்கைச் சுளித்து, "பாட்டி, ஆம்லெட் வேணும்," என்று அழுதாள். சொன்னவர் சுமக்க வேண்டுமே. மாமியார் எழுந்து சமையலறைக்குப் போனார். அதன் ஜன்னல் கடலைப் பார்த்துத் திறந்திருந்தது. மருமகளின் நாற்காலி அதற்கு நேர் கீழே.

"குழந்தைக்கு ஒரு முட்டை போட்டுக் கொடுங்க."

"இன்னைக்கு மீன்." இது மேனேஜர் அம்மா.

"ஒரே ஒரு முட்டைம்மா."

"நாளைக்கு முட்டை. நாளைக்கு மீன் கேக்காதீங்க."

"காசு கொடுத்துத்தானே வந்திருக்கோம்? ஏன் இப்படி எடுத்தெறிஞ்சு பேசறீங்க?" மிதவைக்காரனும் துண்டுக்காரனும் பேசியிருக்கக்கூடிய வசனத்தை மாமியாரே பேசினார். ஒரு உறையில் இரண்டு கத்தி எப்படி இருக்கும்?

"தெரிஞ்சுதானே வந்தீங்க? உங்க மருமக போன்ல கேட்டுத்தானே பதிவு பண்ணாங்க? ரூம் பெருசா, கடல் பக்கமா, ஒண்ணும் கேக்கலை. 'சாப்பிட என்ன வேணும்னு யாராவது கேப்பீங்களா?'ன்னாங்க. கேக்கவே மாட்டோம்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. இருபது வருஷத்துல என்னை யாரும் அப்படிப் பாராட்டினதில்லை."

ஜன்னலுக்குக் கீழே மருமகள் கண்ணைத் திறந்தாள். அவ்வளவுதான், விடுமுறை முடிந்தது. ரயில் முழுக்கக் கள்ள டிக்கெட்டைப் பிடித்தவர், சொந்த வீட்டில் ஒன்றைக் கோட்டை விட்டதாகத் தெரிந்தால் சும்மா இருப்பாரா? இனி எல்லோரையும் கூட்டி, "சொன்னது நானில்லை, இவ," என்று ஒரு வார்த்தை போதும். வரிசை இந்த நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றுவிடும். திரும்பிப் போன பிறகும் நிற்கும். சாகும்வரை நிற்கும்.

மணலில் செருப்புச் சத்தம் வந்தது. மாமியார் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கடலைப் பார்த்தார்.

"போன் பண்ணினியா?"

"பண்ணினேன் அத்தை."

"பட்டாணி உரிக்கறப்போ மூடினியே, அதுவும் நடிப்பா?"

"ஆமா அத்தை."

"தயங்கித் தயங்கிப் படிச்சியே?"

"அதுவும்தான்."

மாமியார் மடியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். "நல்லாப் பண்ணினே," என்றார் பிறகு. குரலில் கோபமா மெச்சுதலா என்று மருமகளுக்குப் பிடிபடவில்லை. தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது.

"மன்னிச்சுக்குங்க அத்தை. ஒரு வாரம் என்னை யாரும் எதுவும் கேக்காம இருந்தாப் போதும்னு..."

"வேலைல இருந்தப்போ நான்தான் கேப்பேன். எவனும் என்னைக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தா நீ இருந்தே." மாமியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நேத்து உன் புருஷன், வலது பக்கமா நடக்கவா, இடது பக்கமா நடக்கவான்னு கேக்கறான். கடற்கரைல. எப்படிம்மா தாங்கறே?"

"பழகிடும் அத்தை."

"எனக்குப் பழக வேணாம்."

தூரத்தில் மூன்று பேர் வருவது தெரிந்தது. முன்னால் கணவன், பின்னால் சோபா, அவன் கையைப் பிடித்துக்கொண்டு மகள். மூன்று முகத்திலும் ஒரு கேள்வி ஏற்கெனவே எழுதி ஒட்டியிருந்தது. மருமகள் எழுந்து உட்கார்ந்தாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா," என்றான் கணவன். "படகுல போலாமா, இல்லை குளிக்கலாமா?"

மாமியார் பெரிய மகனைப் பார்த்தார். சின்ன மகனைப் பார்த்தார். பிறகு திரும்பி மருமகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எத்தனை பேர் ஓடும் ரயிலிலிருந்து இறங்கியிருப்பார்களோ.

"உங்கப்பாவைக் கேளுங்க," என்றார்.

"அப்பாவையா? எதுக்கு?"

"அவர்தானே இந்த இடத்தைச் சொன்னாரு."

மருமகளின் கை நாற்காலியின் கைப்பிடியை விட்டது.

"அப்பாவா சொன்னாரு?" சோபா வாயைப் பிளந்தான். "நீதானே அன்னைக்கு..."

"நான் எடுத்துச் சொன்னேன். யோசனை அவரோடது. வெளியில சொல்லாதேன்னாரு. உங்களுக்குத் தெரியாதா அவரை? எதையுமே ஒத்துக்க மாட்டாரு. நான் சொல்லவே இல்லைன்னு சாதிப்பாரு. விடாதீங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மொத்தமாகத் திரும்பி, அடுத்த குடையடியில் விரிந்திருந்த செய்தித்தாளை நோக்கி நடந்தார்கள். காகிதம் மெல்லக் கீழே இறங்கியது. "நானா? நான் எப்போ?" என்று ஒரு குரல் கேட்டது. அதன் மேல் மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் விழுந்தன.

"பொய் சொல்லிட்டீங்களே அத்தை," என்றாள் மருமகள் மெதுவாக.

"அவர் சொல்லியிருக்க வாய்ப்பு இருக்கு," என்றார் மாமியார்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிச் சாய்ந்து படுத்தார். வெயில் நகர்ந்து மருமகளின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. மாமியார் குடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இதை அந்தப் பக்கமா..." என்று ஆரம்பித்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, கேட்காமலே சாய்த்து வைத்தார்.